காதுக்குள் நின்ற நல்லெண்ணெய்

வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு பாதி வழி போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போய்வந்த அந்த வருடங்களில், ரயிலில் ஏறியதும் சட்டைப்பையில் சீசன் டிக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பம்பலப்பிட்டியில் இன்னொரு தரம் தொடுவேன். கொள்ளுப்பிட்டி வரும்போது, போன தரம் தொட்டது டிக்கெட்டைத்தானா வேறு ஏதாவது கடதாசியையா என்ற சந்தேகம் வந்துவிடும். கடல் வழமையைவிடக் கொஞ்சம் கூடச் சத்தம் போட்டால், தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப் போயிருக்குமோ என்று யன்னலால் எட்டிப் பார்ப்பேன். எட்டிய தலை எதிலாவது அடிபடுமோ என்று உடனே உள்ளே இழுத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவன் ஏரோப்பிளேன் ஓட்டப் பழகினேன் என்று சொன்னால் நம்பாதவர்கள் இன்றைக்கும் உண்டு. நம்பாதவர்களில் முதல் ஆள் என் தங்கச்சி.

"அண்ணை, சந்தியிலை பஸ் வந்தால் நீங்கள் சைக்கிளாலை இறங்கி உருட்டிக்கொண்டெல்லோ போறனீங்கள். மேலை போய் எங்கை இறங்கி உருட்டப்போறியள்?"

"மேலை பஸ் வராது" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. தரையில் எனக்குப் பயம் தந்தவை எல்லாம் எதிரே வருபவையும் பின்னாலிருந்து வருபவையும்தான். மேலே அப்படி வருவதற்கு ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அப்பா இறந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அந்தத் தவணை முடியும்வரை பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தேன். பிறகு கொட்டாஞ்சேனையில், கிராண்ட்பாஸ் பக்கம் திரும்புகிற இடத்தில் இருந்த ஒரு மோட்டார் கராஜில் சேர்ந்தேன். கராஜ் முதலாளி மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். வீட்டில் அம்மா, தங்கச்சி, நான். தங்கச்சி படிப்பை நிறுத்தாமல் இருக்கவேண்டும் என்பதுதான் அந்த வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

ஒரு நாள் பெரிய கார் ஒன்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். மேலே ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. லொறியும் இல்லை, காரும் இல்லை. ஊர்ந்து வெளியே வந்து பார்த்தேன். மேலும் கீழுமாக இரண்டு செட்டை வைத்த சின்ன ஏரோப்பிளேன் ஒன்று, துறைமுகத்துப் பக்கமிருந்து திரும்பி ரத்மலானைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலு சிலிண்டர். ஒன்றுகூடத் தவறாமல் அடித்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்போல.

"மகன், அது நம்மட கராஜுக்கு வராது" என்றார் நானா பின்னாலிருந்து. "கீழ பூந்து வேலயப் பாரு."

ரத்மலானையில் விமானத்தளம் திறந்து அதிக காலம் ஆகவில்லை. அங்கே பறக்கப் பழக்குகிற ஒரு கழகம் இருந்தது. தோட்டத்துத் துரைமாரும் கோட்டையில் கம்பனி வைத்திருந்த வெள்ளைக்காரர்களும் எங்கள் ஆட்களில் கோர்ட்டுக்குப் போகிற பெரிய புறக்டர்மாரின் பிள்ளைகளும் அங்கே பழகினார்கள். ஒரு மணித்தியாலம் மேலே போய்வருவதற்கு அவர்கள் கட்டியது என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூட. லைசென்ஸ் எடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் எந்த மூலைக்கு? ஆகவே ஆசையை ஆசையாகவே வைத்திருந்தேன். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. நடக்காது என்று தெரிந்த விஷயத்துக்குக் கவலைப்படத் தேவையில்லை.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் தங்கச்சிதான். பள்ளிக்கூட வாசிப்பறையில் இங்கிலிஷ் பேப்பரில் ஒரு அறிவித்தல் கண்டாளாம். அரசாங்கம் அந்தக் கழகத்துக்கு உதவிப் பணம் கொடுக்கிறது. அதைக்கொண்டு இலங்கைப் பையன்கள் சிலரைத் தெரிந்தெடுத்து, லைசென்ஸ் எடுக்கும்வரை பறக்கிற செலவைக் கழகமே பார்க்கும். ஸ்கொலர்ஷிப்.

"ஸ்கொலர்ஷிப் படிச்ச பிள்ளையளுக்கு" என்றேன். "எட்டாம் வகுப்பெண்டு எழுதினால் தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள்."

"எறிஞ்சால் எறியட்டும். முத்திரை நான் ஒட்டுறன்."

எறியவில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நீள மேசை, அதன் பின்னால் நாலைந்து பேர். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்பதில் பாதி ஞாபகம் இல்லை. பெரிய மீசை வைத்த ஒருவர், கடலில் போனால் தலை சுற்றுமா என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கடலில் போனதில்லை, ஆனால் கண்டி பஸ்ஸில் இரண்டு தரம் சத்தியெடுத்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, ஏன் அதைச் சொன்னேன் என்று என்னையே திட்டினேன். அடுத்த கிழமை கடிதம் வந்தது: என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள், டொக்டரிடம் உடம்பைக் காட்டித் தேறவேண்டும், தாயோ தகப்பனோ சம்மதம் கொடுக்கவேண்டும். ஏன் என்னைத் தெரிவுசெய்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது அதுவே ஒரு கவலையாக இருந்தது. ஆள் மாறி எழுதிவிட்டார்களோ?

அம்மாவின் சம்மதம் லேசில் கிடைக்கவில்லை.

"கடலுக்கு மேலாலை பறக்கிறதோ, தரைக்கு மேலாலையோ?"

"இரண்டுக்கும் மேலாலைதான் அம்மா."

"தரைக்கு மேலாலை மட்டும் வாறனெண்டு அவங்களிட்டைச் சொல்லிப்போட்டு வா. கையெழுத்து வைக்கிறன்."

பிறகு கேட்டா: "காசு வாங்காமல் ஏன் தம்பி பழக்கிறாங்கள்? பிறகு சண்டையெண்டு வந்தால் பழக்கின கடனுக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டாங்களோ?"

அதை நான் முன்னமே யோசித்து இரண்டு இரவு நித்திரை கெட்டிருந்தேன். அம்மாவிடம் மட்டும், "சீ, அப்படியெல்லாம் இல்லை" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தபடி கையெழுத்து வைத்தா. சம்மதம் கொடுத்த பிறகு, நான் தேறவேண்டும் என்பதில் எங்கள் எல்லோரையும்விட அவவுக்குத்தான் ஆவல். அந்த ஆவலில்தான் எல்லாம் குழம்பியது.

டொக்டரிடம் போகவேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முதல் வந்த சனிக்கிழமை, எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் எண்ணெய் வைத்து முழுகுகிற நாள்.

"கண்ணையும் காதையும்தானே சோதிக்கப்போறாங்கள்" என்றா அம்மா. "பெற்றோல் மணக்கிற இடத்திலை நாள் முழுக்க நிண்டு உன்ரை கண் நெருப்பாய்க் கிடக்கு. குளிரப் பண்ணாமல் அனுப்பேலாது. இரு."

வழமையாகத் தலையில் மட்டும் வைத்துத் தேய்ப்பா. அன்றைக்கு என்னைக் கிணற்றடியில் பலகைக் கட்டையில் உட்காரவைத்து, நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, இரண்டு கண்ணுக்குள்ளும் விட்டா. பிறகு தலையைச் சரித்து ஒரு காதுக்குள். மற்றப் பக்கம் சரித்து மற்றக் காதுக்குள். சொட்டுச் சொட்டாக விடவேண்டியதை நிறையவே விட்டா. அரப்பு வைத்து முழுகின பிறகு சாம்பிராணிப் புகை. கண்ணெல்லாம் எரிந்தது.

"எரிஞ்சால்தான் சூடு இறங்கும்."

நானும் இருந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது. எதையெடுத்தாலும் சந்தேகப்படுகிற நான், அந்த எண்ணெயை மட்டும் சந்தேகப்படவில்லை. உலகத்தில் வேறு எதைச் செய்தாலும் தவறிப்போகலாம், எண்ணெய் வைத்து முழுகினால் தவறாது என்றுதான் வளர்ந்திருந்தோம்.

டொக்டர் ஒரு பறங்கி மனிதர். கொள்ளுப்பிட்டியில் அவருடைய அறை. வெளியே பெஞ்சில் எனக்கு முன்பே ஒருவன் உட்கார்ந்திருந்தான். மொறட்டுவையைச் சேர்ந்த சிங்களப் பையன், என் வயதுதான், தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். இங்கிலிஷும் சிங்களமும் கலந்து கதைத்தோம். கராஜில் பழகின சிங்களம் எனக்குப் போதும். அவன் தெரிவானவர்களுக்கு அடுத்த ஆள். தெரிவானவர்களில் யாராவது உடம்பால் தவறினால் அவனுக்கு அந்த இடம். அதை அவன் ஒளிக்காமல் சொன்னான். சொல்லிவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தான். எங்கே பழுது இருக்கிறது என்று நான் கார் பார்ப்பது மாதிரி.

என்னை உள்ளே கூப்பிட்டதும் டொக்டர் முதலில் கண்ணைத்தான் பார்த்தார்.

"நேற்று இரவு குடித்தாயா?"

"இல்லை, சேர்."

"அழுதாயா?"

"இல்லை, சேர்."

சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளில் கீழ் வரி பனி பிடித்ததுபோலத் தெரிந்தது. தட்டுத்தடுமாறி வாசித்தேன். பிறகு சின்னப் புனல் மாதிரியான ஒன்றைக் காதில் வைத்து, அதற்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். நேராகி நின்றார். மற்றக் காதையும் பார்த்தார். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி மெதுவாக விட்டெடுத்து, என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். பஞ்சு மஞ்சளாய்ப் பளபளத்தது.

"உன்னை யார் தாளிக்கப் பார்த்தது?" என்றார்.

நான் சொன்னேன். அம்மா, சனிக்கிழமை, கண்சூடு எல்லாம். அவருக்கு அது புதிதில்லை. வெள்ளவத்தையிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் வருவார்கள். ஆனால் இந்தப் பரிசோதனைக்கு முதல் யாரும் அப்படிச் செய்து வந்ததில்லை என்றார்.

"உன் செவிப்பறையை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காததற்குக் கையெழுத்துப் போட முடியாது. மேலே எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேளாது, தெரியுமா? முன்னால் இருந்து பழக்குகிற மாஸ்டர் ஒரு குழாயில் வாயை வைத்துப் பேசுவார். குழாயின் மற்றப் பக்கம் உன் காதில் இருக்கும். அதுதான் உன் பள்ளிக்கூடம். காதில்லாவிட்டால் பாடமில்லை."

மற்றப் பரிசோதனைகளை அவர் தொடங்கவேயில்லை. அடுத்த கிழமை புதன்கிழமை வரச்சொன்னார். அதற்குள் காதில் எதுவும் விடக்கூடாது, எதனாலும் குத்தக்கூடாது, தானாக வடிய விடவேண்டும். அதற்குப் பிறகு வரும் வெள்ளிக்கிழமை கழகத்துக் குழு கூடும். அன்றைக்கு என் கடதாசி இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

அடுத்த ஆள் வெளியே பெஞ்சில் இருந்தான். எனக்குப் பின் அவன் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் வந்தான். அவனுக்கு எல்லாம் சரி. இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் திரும்பினோம்.

"மச்சாங், உன்ர காது அடைபட்டே இருக்கவேணுமெண்டு என்னாலை கும்பிடேலாது" என்றான், இரண்டு மொழியும் கலந்து. "திறக்கவேணுமெண்டும் கும்பிடேலாது. அதாலை இந்தக் கிழமை நான் பன்சலைக்கே போகப்போறதில்லை."

வெள்ளவத்தையில் நான் இறங்கும்போது கையைக் காட்டினான். நான் காட்டினேனோ தெரியாது. காதுக்குள் ஏதோ பொளக்பொளக் என்றது. அதைத்தான் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க நான் மனிதனாக இல்லை. தலையைச் சரித்தபடி திரிந்தேன். கராஜுக்குப் பின்னால் போய், ஒற்றைக் காலில் துள்ளித் தலையை உதறுவேன்.

"நொண்டி வெளயாட்டா?" என்றார் நானா, ஒரு நாள் அங்கே வந்து.

விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"கார்பரேட்டர்ல குப்ப பூந்தா நம்ம என்ன செய்ற? ஊதுற. இது காது. டயர் பம்ப எடு."

"ஐயோ நானா, வேண்டாம்!"

"பகிடிக்குச் செல்றன்டா." உடனே முகம் மாறியது. "உண்மயச் செல்லப்போனா நீ இங்கயே இரிக்கிறதுதான் எனக்கு லாபம். நீ மேல பெய்த்தா கீழ படுக்க எனக்கு யாரு இரிக்கி? அதால நான் செல்ற வைத்தியம் ஒண்டையும் கேக்காத."

சனிக்கிழமை வந்தது. எண்ணெய் முழுக்கு இல்லை. அம்மா எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தா. தன் கையாலேயே என் இடம் பறிபோய்விட்டது என்ற நினைப்பு அவவுக்கு. சொதியைத் தாளிக்கவும் பயந்தா. தங்கச்சிதான், "அம்மா, கறிக்குள்ளை விடுற எண்ணெய் காதுக்குப் போகாது" என்று சட்டியை வாங்கினாள். பிறகு சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்துவிட்டு அவளே அப்படியே நின்றாள்.

"அண்ணை. செவ்வாய்க்கிழமை தீபாவளி."

புதன்கிழமை டொக்டர். செவ்வாய்க்கிழமை தீபாவளி. தீபாவளிக்கு எண்ணெய் வைக்காமல் விடுவது சாவுத் துடக்கு உள்ள வீட்டில்தான். அப்பா இறந்த வருடம் நாங்கள் வைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருடமும் தவறவிட்டதில்லை.

செவ்வாய் விடியற்காலை அம்மா போத்தலை இறக்கி வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. வெளியே மழைத் தூறல். ஒழுங்கையில் யாரோ பிள்ளைகள் சீனவெடி கொளுத்துகிற சத்தம். எனக்கு அது இரண்டு காதிலும் கேட்டது. ஒரே அளவாகக் கேட்டதா என்பதில் மட்டும் சந்தேகம்.

"என்னாலை ஏலாது தம்பி" என்றா. "நாளைக்கு மேலை போகப்போற பிள்ளை. இண்டைக்கு எண்ணெய் வைக்காமல் விட்டால், பிறகு ஏதும் நடந்தால் நான் என்னெண்டு இருப்பன்?"

"வைச்சால் மேலை போகவே மாட்டன் அம்மா."

"வைக்காட்டில்?"

உண்மையைச் சொன்னால், அவ கேட்ட கேள்வியை நானும் விடிய விடியக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். வைத்தால் டொக்டர். வைக்காவிட்டால் வேறு யாரோ. இரண்டு பக்கமும் எனக்குப் பயம்.

தங்கச்சிதான் எழும்பி வந்தாள். தலை கலைந்து, கண் முழிக்காமல், கையில் பஞ்சுச் சுருள்.

"இரண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. அண்ணை, இருங்கோ. அம்மா, ஒரு விரல். ஒரேயொரு விரல். உச்சியிலை மட்டும்."

என்னைப் பலகைக் கட்டையில் உட்காரவைத்தார்கள். தங்கச்சி என் இரண்டு காதுக்கும் பஞ்சு அடைத்து, அதற்கு மேலே தன் உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்தாள். கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள். அம்மாவின் விரல் என் உச்சியில் பட்டது. ஒரு துளிதான். ஆனால் அந்த விரலை எடுக்க அவவுக்கு மனம் வரவில்லை. கன நேரம் அப்படியே வைத்திருந்தா. ஏதோ முணுமுணுத்தா. பஞ்சுக்குள்ளால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என்னை அண்ணாந்து பார்க்கவைத்து, நெற்றிக்குப் பின்பக்கமாகத் தண்ணீர் வார்த்தார்கள். தங்கச்சியின் கையெல்லாம் நனைந்து, சட்டை நனைந்து, அவள் என்னைத் திட்டிக்கொண்டே பிடித்திருந்தாள்.

"மேலை போய் ஒரு நாளைக்கு எங்கடை வீட்டுக் கூரையைப் பாக்காமல் வந்தியளோ, இருக்கு உங்களுக்கு!"

புதன்கிழமை அதே பெஞ்ச். மொறட்டுவைப் பையன் வந்திருந்தான். அவனுக்கு இனி அங்கே வேலை ஒன்றுமில்லை. முடிவை நேரில் தெரிந்துகொள்ள வந்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழும்பி இடம் விட்டான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

டொக்டர் என் பின்னால் வந்து குனிந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"மறுபடியுமா?"

"உச்சிக்கு மட்டும், சேர். நேற்றுத் தீபாவளி."

"காதுக்கு?"

"பஞ்சு, சேர். அதற்கு மேலே என் தங்கச்சி."

புனலை வைத்தார். வெளிச்சம் விட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய மூச்சுதான். ஒரு காது. மற்றக் காது. "ம்" என்றார். அந்த "ம்" எந்தப் பக்கம் என்று புரியவில்லை. பிறகு அறையின் மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண் எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியாத சோதனைகள் வந்தன. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கராஜுக்குப் பின்னால் ஒரு கிழமை பழகியிருந்தேன், நின்றேன். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம். ஊதி அதை ஒரு கோட்டுக்கு உயர்த்தி, இறங்கவிடாமல் மூச்சால் தாங்கவேண்டும். கண் முன்னே பூச்சி பறந்தது. தாங்கினேன்.

கடைசியாக நாடி. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தவரின் முகம் மாறியது. விட்டு, மறுபடி பிடித்தார்.

"எப்போதும் இப்படியா ஓடும்?"

"தெரியாது, சேர்."

"படியேறி ஓடிவந்தவனுக்கு ஓடுகிற மாதிரி ஓடுகிறது. நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய்."

இதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். காதைப் பற்றி ஒன்றரைக் கிழமை கவலைப்பட்டு, கடைசியில் அந்தக் கவலையே என்னைக் கவிழ்க்கப்போகிறது. அதை நினைக்க நெஞ்சு இன்னும் அடித்தது. அது அவர் விரலுக்கும் தெரிந்திருக்கும்.

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஏறி இறங்கு, மறுபடி ஏறி இறங்கு, நான் சொல்லும்வரை நிற்காதே என்றார். ஏறினேன், இறங்கினேன். கால் சறுக்காமல் வைக்கவேண்டும். கதிரையின் ஒரு கால் கொஞ்சம் கட்டை, ஆடியது. அதைச் சமாளித்து மிதிக்கவேண்டும். வேறொன்றையும் நினைக்க நேரமிருக்கவில்லை. போதும் என்றார். உடனே மணிக்கட்டைப் பிடித்தார். அவர் உதடு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என் கையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"முன்னே இருந்ததைவிடக் கூடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உன் இருதயம் உட்கார்ந்திருக்கும்போது ஓடுகிறது, வேலை செய்யும்போது உட்காருகிறது. இப்படி ஒன்றை நான் கண்டதில்லை." கடதாசியை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "உன்னை வேலையில்லாமல் இருக்கவிடாதே."

வெளியே வந்தபோது மொறட்டுவைப் பையன் எழும்பி நின்றான். நான் சொல்ல வாயெடுக்கமுன்பே என் முகத்தில் கண்டுகொண்டான். கையை நீட்டினான். கை குளிர்ந்து, வேர்த்திருந்தது.

"ஹொந்தாய், மச்சாங்" என்றான். நல்லது என்று. அன்றைக்கு அவன் என்னோடு ரயிலில் வரவில்லை. கோட்டையில் ஒரு வேலை இருக்கிறது என்றான்.

ஸ்கொலர்ஷிப் கிடைத்தால் எல்லாம் கிடைத்ததுபோல என்று நினைத்திருந்தேன். அது பறக்கிற மணித்தியாலங்களைத்தான் தந்தது. அதுதான் என்னால் எந்தக் காலத்திலும் வாங்கமுடியாதது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போகாத காலை நேரங்களை யார் தருவது? நானா தந்தார். கிழமைக்கு இரண்டு காலை. சம்பளத்தில் கை வைக்கவில்லை. மற்றத் தொழிலாளிகள் முறைத்தபோது, "அவன் மேல பெய்த்து நமக்கு வெளம்பரம் செய்றான்" என்று வாயை அடைத்தார். தோல் தொப்பியையும் கண்ணாடியையும் கழகத்துக் களஞ்சியத்தில் இரவலாகத் தந்தார்கள். ரத்மலானைக்கு ரயில் காசைத் தங்கச்சி எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தாள். கையைப் பார்த்தேன். ஒரு காப்பைக் காணவில்லை. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

முதல் பாடத்துக்குப் போன அன்று, தெற்கே போகிற ரயிலில் அவன் இருந்தான். மொறட்டுவைக்குப் போகிற ரயில் அதுதானே. என் மடியில் இருந்த தோல் தொப்பியைப் பார்த்தான். வாங்கி, காதுப் பக்கத்தில் தொங்கின இரண்டு குழாய்த் துண்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தான். திருப்பித் தந்தான். அடுத்த வருடம் மறுபடி எழுதிப்போடப் போவதாகச் சொன்னான். ரத்மலானையில் நான் இறங்கினேன். அவன் யன்னலோரம் இருந்தபடி போனான். எனக்குக் கிடைத்த இடம் அவனுக்குக் கிடைக்காத இடம் என்ற நினைப்பு, நான் அங்கே பழகின காலம் முழுக்க என்னோடு மேலே வந்து போனது. ஒரு நிமிடம் வீணாக்கினாலும் அவனுடைய நிமிடத்தை வீணாக்குகிறேன் என்று தோன்றும். கழகத்துப் பணக்காரப் பிள்ளைகள் மேலே போய்ச் சிரித்து விளையாடிவிட்டு வருவார்கள். எனக்கு அது முடிந்ததில்லை.

புல்லில் நின்ற ஏரோப்பிளேனைச் சுற்றி நான் இரண்டு தரம் நடந்தேன். ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைக்கார மாஸ்டர் முன் இருக்கையில் காத்திருந்தார். மூன்றாம் தரம் தொடங்கியபோதுதான் "ஏறு" என்றார். ஏறினேன். வாரைப் பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன். தொப்பியின் குழாயை அவருடைய குழாயோடு மாட்டினேன். அதையும் இழுத்துப் பார்த்தேன்.

எழும்பும்போது என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சில்லுகள் தரையில் அடித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்று எல்லாம் வழவழப்பாகிவிட்டது, அவ்வளவுதான். இடது பக்கம் கடல். தண்டவாளம் ஒரு கோடு. அதன் மேலே வடக்கே போனோம். தெஹிவளை, பிறகு வெள்ளவத்தை மில்லின் புகைபோக்கி. எங்கள் ஒழுங்கை எது என்று பார்க்க முயன்றேன். எல்லாக் கூரையும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கரையில் ஆட்கள் நின்றார்கள். அவர்களில் அம்மாவும் தங்கச்சியும் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அவர்களைத் தேட நேரமில்லை. எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுகிற வட்டத்தில் ஊசி கொஞ்சம் ஆடினதுபோல இருந்தது. அதிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

மாஸ்டர் கீழே வர ஏரோப்பிளேனின் மூக்கைச் சரித்தார். உடனே என் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. எஞ்சின் சத்தமே எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. எண்ணெய்! இன்னும் உள்ளே இருந்திருக்கிறது. டொக்டர் காணவில்லை. இப்போது குழாயில் அவர் ஏதாவது சொன்னால் எனக்குக் கேட்காது. கேட்காவிட்டால் இதோடு சரி. வெள்ளிக்கிழமைக் குழு, அம்மாவின் விரல், தங்கச்சியின் காப்பு, ரயில் யன்னலில் இருந்தவன், எல்லாம். எச்சிலை விழுங்கினேன். இன்னொரு தரம் விழுங்கினேன்.

காதுக்குள் டப்பென்று ஏதோ திறந்தது. எஞ்சின் திரும்பி வந்தது. அதோடு, குழாய்க்குள்ளால், என் தலைக்குள்ளேயே யாரோ இருந்து பேசுவதுபோல மாஸ்டரின் குரல்.

"இப்போது நீ பிடி. கேட்கிறதா?"

"கேட்கிறது, சேர்" என்றேன்.

நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்ற சந்தேகம் வந்தது. இன்னொரு தரம் சொன்னேன். சொல்லிக்கொண்டே, முழங்கால்களுக்கு நடுவே நின்ற, ஏரோப்பிளேனைத் திருப்புகிற பிடியைப் பிடித்தேன். என் கை நடுங்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. இறங்கி, புல்லில் நின்று, மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டின பிறகுதான் நடுங்கத் தொடங்கியது.